நாம் குடியிருக்கும் மாவள்

தளேகாவுக்குக் குடிவந்த புதிதில், மேற்கே தெரியும் மலைகளை லோணாவளாவுக்குப் போகும் வழி என்று மட்டுமே எண்ணியிருந்தேன். இது 'மாவள்' என்னும் தனிச் சீமை என்பது பிறகுதான் தெரிந்தது.

மராத்தியில் 'மாவளணே' என்றால் மறைதல். கதிரவன் மறையும் மேற்கு என்பதால் இப்பெயர் என்பார்கள். கிழக்கே தக்காணப் பீடபூமி; மேற்கே சஹ்யாத்ரி மலை இறங்கினால் கொங்கணம். இரண்டையும் இணைப்பது போர் காட் கணவாய். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் இங்குள்ள கார்லா குகைக்குக் கொடை அளித்தனர். இங்கு பெய்யும் மழை இந்திராயணி, பீமா, கிருஷ்ணா நதிகள் வழியே நம் வங்கக் கடலைச் சேர்கிறது.

மராத்தா உழவர்களோடு மகாதேவ் கோளி, டாக்கர், காத்கரி மக்களும் வாழும் மண் இது. சிவாஜியின் காலாட்படைக்குப் பலமே இம்மலைநாட்டு 'மாவளே' வீரர்கள்தாம். 1677இல் நம் செஞ்சியும் அவர் வசமாயிற்று. 1779 ஜனவரியில் தளேகாவ் வரை வந்த ஆங்கிலப் படை, பக்கத்து வட்காவில் மராத்தியரிடம் பணிந்தது.

பவனா அணை நீரைப் பிம்ப்ரி-சிஞ்ச்வாடுக்குக் குழாயில் கொண்டுபோவதை எதிர்த்த மாவள் உழவர்களில் மூவர், 2011 ஆகஸ்ட் 9 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். நம்மில் பலருக்குச் சோறு போடும் ஊர் பிம்ப்ரி-சிஞ்ச்வாடு.

அடுத்த முறை சந்தையில் காய் விற்கும் ஆஜியிடம் பேரம் பேசுமுன், அவர் எந்தக் கிராமம் என்று கேட்டுப் பாருங்கள்.