எலும்பு இல்லாத சூப்புக்குச் சுவை எங்கிருந்து வருகிறது?

சூப் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? கோழி சூப், ஆட்டெலும்பு சூப், மீன்தலை சூப் என்று வரிசையாகச் சொல்வீர்கள். யாராவது காய்கறி சூப் என்றால், "அது தண்ணீர் மாதிரி இருக்குமே!" என்று இன்னொருவர் முகம் சுளிப்பார். எலும்போ இறைச்சியோ சேர்ந்தால்தான் சூப்பில் சாரம் இறங்கும் என்பது பலருடைய எண்ணம்.

அந்த எண்ணம் சரிதானா? சோதித்துப் பார்க்க ஏற்ற ஓர் உணவு ஜப்பானில் இருக்கிறது. இலையுதிர்காலம் முற்றிக் குளிர் தொடங்கும் நாள்களில் ஆவி பறக்கப் பரிமாறப்படும் 'கெஞ்சின்ஜிரு' என்ற காய்கறி சூப்தான் அது. மரபு முறைப்படி செய்தால் அதில் இறைச்சி இல்லை, மீன் இல்லை, எலும்பு இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. இருந்தும் ஒரு கிண்ணம் குடித்தால் வயிறும் மனமும் நிறைகின்றன. எப்படி? விடை வேதியியலில் இருக்கிறது.

மடத்துச் சமையலறையில் பிறந்த சூப்

தோக்கியோவுக்குத் தெற்கே, கடலோரத்தில் காமகுரா என்ற பழைய நகரம் உள்ளது. அங்கே 1253ஆம் ஆண்டில் கெஞ்சோஜி என்ற ஜென் பௌத்த மடாலயம் நிறுவப்பட்டது. சீனாவிலிருந்து வந்த ரங்கெய் தோர்யூ என்ற துறவி அதன் முதல் தலைவர். கெஞ்சின்ஜிரு இந்த மடத்தில்தான் பிறந்தது என்றும், மடத்தின் பெயரே மருவிச் சூப்பின் பெயரானது என்றும் சொல்வார்கள். சமையலறையில் தோஃபு தவறிக் கீழே விழுந்து உடைந்ததாம். அதை வீணாக்க மனமில்லாமல் கழுவிச் சூப்பில் போட்டார்களாம். இந்தக் கதை எவ்வளவு உண்மையோ, இன்றும் கெஞ்சின்ஜிருவில் தோஃபுவைக் கத்தியால் வெட்டாமல் கையால்தான் உதிர்த்துப் போடுகிறார்கள்.

உயிர்க்கொலை கூடாது என்பது இந்தத் துறவிகளின் நெறி. அதனால் இறைச்சிக்கும் மீனுக்கும் இடமில்லை. நெடி மிகுந்த வெங்காயமும் பூண்டும் விலக்கப்பட்டவை. சுவை சேர்க்க நாம் வழக்கமாக நாடும் வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. மிஞ்சியவை கிழங்குகள், தோஃபு, காய்ந்த காளான், காய்ந்த கடற்பாசி.

குளிர் வந்தால் இனிக்கும் கிழங்குகள்

நமக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். ஜப்பானிலோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர்காலம். காமகுராவில் நவம்பர் இறுதியில்தான் இலைகள் நன்றாகச் சிவக்கும். மண்ணுக்கு மேலே மரங்கள் இலைகளை உதிர்க்கும் அதே காலத்தில், மண்ணுக்குக் கீழே வேறொரு வேலை நடக்கிறது.

கேரட்டும் பர்டாக் என்ற நீண்ட வேர்க்காயும் ஈராண்டுத் தாவரங்கள். முதல் ஆண்டில் உணவைச் சேர்த்து வேரில் பதுக்கும். அடுத்த ஆண்டில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பூக்கும், விதை தரும். இடையில் வரும் குளிர்காலத்தை அது உயிரோடு கடக்க வேண்டுமல்லவா? குளிர் கூடும்போது கேரட் போன்ற காய்கள் தங்களிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. நீரில் சர்க்கரை கரைந்திருந்தால் அது 0 டிகிரி செல்சியசில் உறையாது. இன்னும் குளிர வேண்டும். ஆகவே உயிரணுக்கள் உறைந்து சிதையாமல் அந்தச் சர்க்கரை காக்கிறது. செடிக்கு அது தற்காப்பு, நமக்கு அது இனிப்பு. கிழங்குகள் சேர்ந்த சூப்பு இலையுதிர்காலத்துக்கு உரியதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், இனிப்பு மட்டும் சூப்பை நிறைவாக்காது. அதற்கு வேறொரு சுவை வேண்டும்.

அறுசுவையில் இல்லாத சுவை

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று நம் முன்னோர் அறுசுவை வகுத்தார்கள். இவற்றில் கார்ப்பை எரிச்சலாகவும், துவர்ப்பைத் தொடு உணர்வாகவும் இன்றைய அறிவியல் பார்க்கிறது. மற்ற நான்கும் நாவிலுள்ள சுவை மொட்டுகள் அறிபவை. இந்த ஆறில் எதிலும் அடங்காத ஒரு சுவையைக் கண்டுபிடித்தவர் தோக்கியோ பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிக்குநாயே இக்கேடா.

'கோம்பு' என்ற கடற்பாசியை ஊறவைத்த நீருக்குத் தனிச்சுவை இருக்கிறதே, அது எதனால் என்று இக்கேடா கேட்டார். சுமார் 12 கிலோகிராம் கோம்புவிலிருந்து 30 கிராம் அளவுக்கு ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம். 1908ஆம் ஆண்டில் அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார்.

அமினோ அமிலங்கள் புரதத்தின் செங்கற்கள் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கும்போது குளூட்டாமிக் அமிலத்துக்குச் சுவை இல்லை. கட்டவிழ்ந்து, தனித்து நீரில் கரையும்போதுதான் நாக்கு அதை உணரும். கோம்பு, நன்கு பழுத்த தக்காளி, சோயா சாஸ் ஆகியவற்றில் இப்படித் தனித்த குளூட்டமேட் நிறைய உண்டு. தாய்ப்பாலில் தனித்திருக்கும் அமினோ அமிலங்களில் மிக அதிகமானதும் இதுவே. பிறந்த குழந்தைக்கே பழக்கமான சுவை அது.

இருவர் சேர்ந்தால் பல மடங்கு

கோம்பு நீர் மட்டும் குடித்தால் சுவை மெல்லியதாகவே இருக்கும். அதற்கொரு துணை தேவை. 1957ஆம் ஆண்டில் அகிரா குனிநாக்கா என்ற ஆய்வாளர் குவானிலேட் என்ற பொருளுக்கும் உமாமி சுவை உண்டு என்று கண்டறிந்தார். காய்ந்த ஷிட்டாக்கே காளானின் சுவைக்கு இதுவே முக்கியக் காரணம். குளூட்டமேட்டையும் குவானிலேட்டையும் சேர்த்தால், இரண்டின் கூட்டுத்தொகையைவிடச் சுவை பல மடங்கு பெருகுகிறது. ஒன்றும் ஒன்றும் இங்கே இரண்டு ஆவதில்லை.

காரணம் நம் நாக்கில் இருக்கிறது. உமாமியை உணரும் ஏற்பியை 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதன் ஒரு பகுதி திறந்து மூடும் சிப்பியைப் போன்றது. குளூட்டமேட் சிப்பியின் உள்ளே போய் அமர்ந்தால் அது மூடிக்கொண்டு மூளைக்குச் செய்தி அனுப்பும். குவானிலேட் சிப்பியின் விளிம்பருகே அமர்ந்து, அது சட்டென்று திறந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் செய்தி வலுவாகப் போகிறது.

இனிக் கோழி சூப்புக்கு வருவோம். இறைச்சியிலும் குளூட்டமேட் உண்டு. குவானிலேட்டுக்குப் பதிலாக, அதன் உறவுப் பொருளான இனோசினேட் உண்டு. அதுவும் சிப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் வேலையையே செய்கிறது. ஆக, இறைச்சி சூப்பின் சாரம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு இந்த இரு மூலக்கூறுகளின் கூட்டணிதான். துறவிகள் அதே கூட்டணியை வேறு இடத்திலிருந்து பெற்றார்கள். அவர்களுக்கு ஏற்பி பற்றித் தெரியாது. நாக்கு சொன்னதைக் கேட்டார்கள்.

ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். இந்தச் சைவ சூப்பின் சுவைக்குத் தூணாக நிற்கும் இரண்டுமே தாவரங்கள் அல்ல. கோம்பு ஒரு பழுப்புப் பாசி. காளான் ஒரு பூஞ்சை.

வெப்பநிலையைக் கவனித்தால் சுவை கிடைக்கும்

நான்கு பேருக்குச் செய்ய 1 லிட்டர் நீர், 10 கிராம் கோம்பு, 4 காய்ந்த ஷிட்டாக்கே, ஒரு கேரட், 200 கிராம் வெள்ளை முள்ளங்கி, 200 கிராம் சேப்பங்கிழங்கு, ஒரு கட்டி தோஃபு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், 2 மேசைக்கரண்டி சோயா சாஸ் போதும். பர்டாக் கிடைத்தால் சேருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை.

முதல் படி, ஊறவைத்தல். நீரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கோம்புவையும் காளானையும் தனித்தனிப் பாத்திரங்களில் போட்டு இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் விட்டால் கெட்டுப்போகும். காளானின் சுவையைச் சிதைக்கும் நொதிகளும் அந்தச் சூட்டில் வேலையைத் தொடங்கிவிடும்.

இரண்டாம் படி, மெதுவாகச் சூடேற்றுதல். இரு நீரையும் ஒன்றாக்கி, கோம்புவையும் நறுக்கிய காளானையும் அதிலேயே இட்டுச் சிறு தீயில் வையுங்கள். காளானின் உயிரணுக்களில் உள்ள ஆர்.என்.ஏ. உடைந்தால்தான் குவானிலேட் பிறக்கும். அதை உடைக்கும் நொதி 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வேலை செய்யும். பிறந்த குவானிலேட்டை அழிக்கும் நொதியோ அந்தச் சூட்டில் தளர்ந்துவிடும். அவசரப்பட்டுப் பெருந்தீயில் கொதிக்கவிட்டால் இரண்டு நொதிகளும் செயலிழந்துவிடும். பாத்திரத்தின் அடியில் சின்னஞ்சிறு குமிழ்கள் தோன்றும்போது கோம்புவை எடுத்துவிடுங்கள். கொதித்தால் அதிலிருந்து வழவழப்பும் பாசி நெடியும் இறங்கும்.

மூன்றாம் படி, வதக்குதல். வேறொரு பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கிக் கிழங்குகளை மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். மணம் தரும் பொருள்களில் பல நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். கேரட்டின் நிறமான கரோட்டீனும் அப்படியே. சூப்பின்மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஆரஞ்சு நிறமாக இருப்பதைப் பார்த்தால் இது புரியும். சேப்பங்கிழங்கை உரிக்கும்போது கை அரிக்கலாம். கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் தோலைக் குத்துவதே காரணம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சையாகச் சுவை பார்க்காதீர்கள்.

நான்காம் படி, வேகவைத்தல். சாற்றையும் காளானையும் ஊற்றி 15 முதல் 20 நிமிடம் சிறு தீயில் வையுங்கள். தாவர உயிரணுக்களை ஒட்டவைக்கும் பசை பெக்டின். சூட்டில் அது கரையும்போது காய் மென்மையாகிறது. புளிப்பு இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. காய் வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும் என்று அம்மா சொல்வது இதனால்தான்.

கடைசியாகத் தோஃபுவைக் கையால் உதிர்த்துப் போடுங்கள். கரடுமுரடான துண்டுக்குப் பரப்பளவு அதிகம். சாறும் அதிகமாக ஒட்டும். அடுப்பை அணைக்கும் தறுவாயில் சோயா சாஸ் விடுங்கள். முன்னமே விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். உமாமி நிறைந்த சூப்புக்குக் குறைந்த உப்பே போதும்.

ஓர் எச்சரிக்கை: கோம்புவில் அயோடின் மிக அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் தினமும் குடிக்க வேண்டாம்.

அப்படியானால் அஜினோமோட்டோ?

இதே குளூட்டமேட்தான் 1909 முதல் ஜப்பானில் வெள்ளைப் பொடியாக விற்கப்படுகிறது. அதுதான் அஜினோமோட்டோ. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கடிதத்துக்குப் பிறகு, அது தலைவலி தரும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. பொடி எதில் இருக்கிறது என்று உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாதபடி பிறகு பல சோதனைகள் செய்தார்கள். வழக்கமாக உணவில் சேரும் அளவில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. கோம்புவிலிருந்து வந்தாலும் பொடியிலிருந்து வந்தாலும் குளூட்டமேட் ஒன்றே. நாக்கால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆனால், பொடியில் ஒரே சுவைதான் இருக்கிறது. கிழங்கின் இனிப்பு, காளானின் குவானிலேட், எள்ளின் மணம், நார்ச்சத்து எதுவும் அதில் இல்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

சாறு எடுக்கும் நாளில் கோம்புச் சாற்றையும் காளான் சாற்றையும் தனித்தனியே சூடாக்கிக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மூன்று கோப்பைகளை எடுங்கள். முதலாவதில் கோம்புச் சாறு மட்டும். இரண்டாவதில் காளான் சாறு மட்டும். மூன்றாவதில் இரண்டும் பாதிப் பாதி. மூன்றிலும் அளவு, சூடு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை ஒன்றாக இருக்கட்டும். எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே வாய் கொப்பளிக்கச் சொல்லி, பத்துக்கு மதிப்பெண் கேளுங்கள்.

மூன்றாவது கோப்பையில் ஒவ்வொரு சாறும் பாதிதான் இருக்கிறது. சுவை வெறுமனே கூடுவது மட்டும் என்றால், அதன் மதிப்பெண் மற்ற இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டையும் அது முந்தினால், சிப்பியின் விளிம்பைக் குவானிலேட் பிடித்துக்கொண்டதை உங்கள் குடும்பத்தினரின் நாக்கே காட்டிவிட்டது என்று பொருள். முடிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி சூப் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்த மூன்றாவது கோப்பையை அவர் கையில் கொடுங்கள்.