தொண்டு செய்தால் கொழுப்பு குறையுமா?

அழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரையில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். குவளையை நிரப்பி நீட்டுபவர்களில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர். தொண்டு இந்த ஊருக்குப் புதிதல்ல. தொண்டு செய்யும் பிள்ளையின் ரத்தத்தில் என்ன மாறுகிறது என்று சோதித்துப் பார்த்ததுதான் புதிது.

மேற்குக் கனடாவில் ஒரு நகரப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரை, ஹானா ஷ்ரையரும் அவருடைய சக ஆய்வாளர்களும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் ஒருமுறை தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு உதவப் போனது. மற்றக் குழு தன் முறைக்குக் காத்திருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், போன குழுவுக்குக் கொழுப்பும் உடல் பருமன் குறியீடும் மற்றவர்களைவிடக் குறைவு. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருளும் குறைவு. முடிவுகள் 2013இல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியாயின.

குலுக்கல்தான் இதில் முக்கியம். நல்ல உடலும் மனமும் உள்ள பிள்ளைகளே தொண்டுக்கு முன்வருகிறார்கள், அதனால்தான் அவர்கள் ஆரோக்கியமாகத் தெரிகிறார்கள் என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் இது ஒரே பள்ளி, இரண்டே மாதம். மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறொன்று. பிறர்மீது பரிவு அதிகம் கூடி, மனவாட்டம் அதிகம் குறைந்த பிள்ளைகளுக்கே உடல் மாற்றமும் அதிகம் தெரிந்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது இளம் வயதிலேயே தொடங்குகிறது என்பதால், இந்த மாற்றம் சின்ன விஷயமல்ல.

மூளையும் இதற்கு ஒத்துப்போகிறது. பரிசு கிடைத்தால் மகிழும் மூளைப்பகுதி பதின்வயதில் மிகத் துடிப்பாக இருக்கும். ஈவா டெல்சர் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடும்பத்துக்காக விட்டுக்கொடுக்கும்போது இந்தப் பகுதி நன்கு கிளர்ந்த பிள்ளைகளுக்கு, பின்னாளில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. துணிந்து அபாயத்தில் இறங்கும்போது கிளர்ந்தவர்களுக்கோ அவை கூடின.

சரி, மதுரைப் பிள்ளை எங்கே போவது? பள்ளியிலேயே நாட்டு நலப்பணித் திட்டம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், பசுமைப் படை என்று வழிகள் உண்டு. பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குத் துணையாக உட்காரலாம். சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்றோருக்கான சங்கமும் பள்ளியும் இருக்கின்றன. பார்வையற்ற மாணவருக்குப் பாடத்தை வாசித்துக் காட்டக் குரல் இருந்தால் போதும். ரத்ததானம் மட்டும் 18 வயதுக்குப் பிறகுதான்.

அறிவியலில் ஆசை உள்ளவர்களுக்குக் கண்மாய்க்கரை இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டு செயலியில் பதிய வேண்டும். சாமநத்தம் கண்மாயோ வண்டியூர் கண்மாயோ போதும். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் எண்ணிப் பழகலாம். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதக் கூடாது. போன மாதம் இருந்த பறவை இந்த மாதம் இல்லையென்றால் அதுவும் தகவல்தான். ஆனால் அதே கரைக்குத் திரும்பத் திரும்பப் போனவருக்குத்தான் அந்த ‘இல்லை’ தெரியும்.

இந்தப் பட்டியல்களுக்கு மதிப்பு உண்டா? மேலூர் அருகே அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பரப்பு 193.42 ஹெக்டேர். அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்பதும் அறிவிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஓரிடத்தில் என்ன வாழ்கிறது என்று யாராவது பொறுமையாகப் பார்த்து எழுதிவைத்தால்தான் அதைக் காக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

ஆக, உடலுக்கும் கண்மாய்க்கும் பயன் தருவது ஒன்றேதான்: விடாமல் போவது. ஒருநாள் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பரிவு வளராது, கணக்கும் சேராது. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுக்குக் கேட்பது 120 மணி நேரம். பிரித்துப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு மணிக்குச் சற்றே கூடுதல். சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஓரிடம், மாறாத ஒரு கிழமை, நம்மை எதிர்பார்க்கும் ஓர் ஆள் இருந்தால் அது நடக்கிற காரியம்தான். பள்ளிகளும் எத்தனை முகாம் நடத்தினோம் என்று எழுதுவதை விட்டுவிட்டு, பத்தாவது வாரமும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுதத் தொடங்கலாம்.