டயர் இல்லாத ட்யூப்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏழு வருடம் முன்பு அப்பாவுக்கு பைபாஸ் செய்தார்கள். காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்தார்கள். இப்போது அந்த நரம்பே அடைத்துக்கொண்டது என்கிறார்கள். அதற்கு உறை போட்டுக் காப்பாற்றும் புதுப் பொருள் வந்துவிட்டதாக வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா?"

பேச்சில் நாம் நரம்பு என்பது இங்கே சிரை. படுத்திருக்கும்போது காலில் அது சுமப்பது ஏறத்தாழ 10 மி.மீ. பாதரச அழுத்தம்தான், துடிப்பும் கிடையாது. இதயத்தில் வைத்துத் தைத்த நொடியிலிருந்து 120க்கு 80, நாளொன்றுக்கு ஒரு லட்சம் அடி. பத்து ஆண்டுகளில் இப்படி வைத்த சிரைகளில் ஏறத்தாழ பாதி அடைபட்டுவிடுகின்றன என்பது பழைய கணக்கு.

பஞ்சர் கடையில் டயரிலிருந்து உருவிய ட்யூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்குவார்களே, கவனித்திருக்கிறீர்களா? நாலு அடி கூடுதலாக அடித்தால் ஓரிடம் புடைக்கும். புடைத்த இடம் மெலியும். மெலிந்த இடம் இன்னும் புடைக்கும். டயருக்குள் இருந்தால் அதே ட்யூப் ஆளையே சுமக்கும். சிரைக்கு டயர் இல்லை.

ஆனால் சிரைக்கு உயிர் இருக்கிறது. சுவர் இழுபடுவதை அதன் தசைச் செல்கள் உணர்கின்றன; பெருகுகின்றன; உள்பக்கம் நகர்ந்து சுவரைத் தடிப்பாக்குகின்றன. தடித்த சுவரில் இழுவிசை குறையும், கணக்கு சரிதான். நிறுத்தத்தான் தெரியவில்லை. ட்யூப் தனக்குத்தானே உள்ளே ரப்பர் பூசிக்கொண்டே போனால் காற்றுக்கு எங்கே இடம்? அந்தத் தடிப்பில் கொழுப்பும் படிகிறது. வாசகரின் அப்பாவுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, டயர் மாட்டலாமா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பன்றிகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். இறுக்கமான உறையைவிட, துளைகள் உள்ள தொளதொள டாக்ரான் உறைதான் தடிப்பை நன்றாகக் குறைத்தது. காரணத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலிலிருந்து உரித்தெடுக்கும்போது, சிரையின் சுவருக்குத் தீனி போடும் நுண்குழாய்கள் அறுபடுகின்றன. சுவர் பட்டினி கிடக்கிறது. உறைக்கும் சிரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் செல்கள் குடியேறி, துளைகள் வழியே புது நுண்குழாய்கள் இறங்கி அதற்கு ஊட்டுகின்றன. ஒரு சுற்றுப் பெரிய டயர், அதில் ஆயிரம் ஓட்டை, ஓட்டை வழியே வேர் இறங்கி ட்யூபுக்குச் சோறு! 2004-இல் அதே குழு, உடலில் கரையும் பாலிகிளாக்டின் தையல் நூல் பொருளிலேயே உறை செய்தது. உறை வைத்து ஆறு மாதம் கழித்து, அது கரைந்துபோன பின் பார்த்தபோதும் பலன் நின்றது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். ரத்தக்குழாய்த் தையலை 1902-இல் வகுத்தவர் லியோன் நகரத்து அலெக்சி கரேல். பூவேலைப் பெண்ணிடம் ஊசி பிடிக்கக் கற்று, பட்டு நூலில் வாஸலின் தடவித் தைத்தார்; 1912-இல் நோபல். புதுச்சேரி ரொமேன் ரோலான் வீதியில் குளூனி கன்னியர் மடத்துப் பூவேலைக்கூடத்தில், துணி சுருங்காமல் நூலை இழுக்கும் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். கால் சிரை பைபாஸை 1967-இல் தொடங்கிப் பரப்பியவர் அறுவை மருத்துவர் ஃபவலோரோ. இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-இல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், கே.எம். செரியன் கையால்.

இனி அந்த வாட்ஸப் செய்தி. பன்றியில் பலித்தது மனிதரிடம் அப்படியே பலிக்கவில்லை. கோபால்ட் குரோமியக் கம்பிவலை உறையை 224 பேரிடம் சோதித்து 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரு சிரை உறையோடு, ஒன்று வெறுமனே. ஓராண்டு கழித்து உள்தடிப்பில் தெரிந்த வித்தியாசம், தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மருந்து கலந்த ஜெல் பூச்சுகள் பெரும்பாலும் விலங்குக் கூடத்தைத் தாண்டவில்லை. "வந்துவிட்டது" என்பது பொய்.

அப்பாவுக்கு இன்று உதவுவது ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பீடி சிகரெட் இல்லாத வீடு. இனி பைபாஸுக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் ஒன்று கேட்கலாம்: சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுப்பீர்களா? சீனாவில் 2,655 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டதில், அப்படி எடுத்தவற்றில் ஓராண்டில் அடைபட்டவை 3.7 சதவீதம், வழக்கமாக உரித்தெடுத்தவற்றில் 6.5. காலில் புண் ஆறுவதில் தொல்லை கூடுதல், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நுண்குழாய்கள் அறுபடாத அந்த மஞ்சள் உறையைத்தான், வேண்டாதது என்று இத்தனை காலமும் சுரண்டிப் போட்டுக்கொண்டிருந்தோம்.