பயிர்மருந்து நஞ்சும் பெயர்ச்சீட்டும்

வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தைச் சூழ்ந்த கிராமங்களில் நெல்லும் மிளகாய், கத்தரி முதலிய மரக்கறிகளும் பயிரிடும் கமக்காரர் பலர், பயிர்மருந்தை வீட்டிலேயே வைத்திருப்பர். அம்மருந்து எவருடைய உடலிலேனும் புகுந்துவிடின், வைத்தியர் முதலில் வினவுவது "மருந்தின் பெயர் யாது?" என்பதே. "புழுவுக்கு அடிப்பது", "வெள்ளைப் போத்தல்" என்னும் விடைகள் பயன்படமாட்டா.

சேதனப் பொசுபரசு வகைப் பூச்சிநாசினியால் வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சுத் திணறும். இதற்கு அத்திரோப்பீன் கொடுக்கப்படும். இலங்கையில் இப்போது தடைசெய்யப்பட்டுள்ள பரகுவாட்டு என்னும் களைநாசினியோ நுரையீரலைக் கெடுப்பது. அதற்கு மாற்றுமருந்து இல்லை. தேவையின்றி ஒட்சிசன் கொடுப்பின் தீங்கு மிகும். ஆகவே ஒருவருக்கு உதவும் சிகிச்சை மற்றொருவருக்குக் கேடாகலாம்.

வைத்தியருக்கு ஐயம் எழுமிடத்து உதவுவது தேசிய நச்சுத் தகவல் நிலையம். இது பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவின் முயற்சியால் 1988ஆம் ஆண்டில் கொழும்பில், இன்று தேசிய வைத்தியசாலை எனப்படும் நிலையத்தில் நிறுவப்பட்டது. வவுனியாவிலுள்ள வைத்தியரும் தொலைபேசியில் அதனுடன் பேசி, நஞ்சின் தன்மையையும் சிகிச்சையையும் அறியலாம். எனினும் பெயர் தெரியாத நஞ்சைப்பற்றி அந்நிலையமும் திட்டமாகக் கூறவியலாது.

சிலர் மலிவென்று கருதிக் கடையில் மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வாங்குகின்றனர். பெயர்ச்சீட்டும் போய்விடுகின்றது, பிள்ளைகள் குடிபானமென்று எண்ணவும் இடமுண்டாகின்றது. இது சிக்கனமன்று.

நஞ்சுற்றவரின் நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கழுவுபவர் தம் கையிலும் மருந்து படாது காத்தல் வேண்டும். கண்ணில் பட்டிருப்பின் தூயநீரால் பதினைந்து நிமிடம் கழுவுக. உப்புநீரோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. மருந்தில் கலந்துள்ள எண்ணெய் நுரையீரலிற் புகும். மயங்கியவரை இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துக. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைப்பின் அம்புலன்சு கட்டணமின்றி வரும். போத்தலை, இல்லையேல் அதன் பெயர்ச்சீட்டையாவது, உடன் கொண்டுசெல்லுக.

நோயாளி தேறியதுபோற் காணப்படினும் வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படலாகாது. சேதனப் பொசுபரசு நஞ்சுற்ற சிலருக்கு 1 முதல் 4 நாள்களின் பின் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சும் தடைப்படுவதை, சேனநாயக்க, கரல்லியத்த என்னும் இலங்கை வைத்தியர் இருவர் 1987ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக்காட்டினர். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை இதன் முதல் அடையாளங்களுள் ஒன்று. அதனைக் கண்டவுடன் தாதிக்கு அறிவித்தல் வேண்டும்.