ஆடிட்டர் தொழிலும் அதற்குரிய பயிற்சியும்

மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் அங்கத்தினர் குடும்பங்களில் கல்லூரியைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும். பிள்ளைக்குக் கணக்கில் நாட்டமிருந்தால் வணிகவியல் பட்டம், அதன்பின் ஏதேனும் ஓர் உத்தியோகம் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். ஆடிட்டர் என்று நாம் வழக்கமாக அழைக்கும் பட்டயக் கணக்காளர் ஆவதற்கும் முதலில் பட்டம் பெற்றே தீரவேண்டும் என்று பலர் கருதுவதை, சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் நாம் காண்கிறோம். இக்கருத்துச் சரியன்று. பன்னிரண்டாம் வகுப்பில் எப்பாடப் பிரிவை எடுத்துத் தேறியவரும் இத்தொழிலுக்குரிய படிப்பை நேரே தொடங்கலாம். தொழில் நடத்தும் ஓர் ஆடிட்டரிடம் உடனிருந்து பெறும் பயிற்சியே அப்படிப்பின் நடுத்தூண். அதன் பயனையும் அதிலுள்ள இடரையும் ஒருங்கே இங்கு எடுத்துக் கூறுவோம்.

தறியில் உட்காராமல் நெசவு கற்றவர் எவருமிலர். தணிக்கையும் அவ்வாறே கைப்பழக்கத்தால் வளர்ந்த தொழிலாகும். எடின்பரோ நகரத்துக் கணக்காளர்கள் 1854-இலும், இங்கிலாந்துக் கணக்காளர்கள் 1880-இலும் அரச சாசனம் பெற்றுத் தங்களுக்கெனச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். அந்நாளில் இளைஞர்கள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு கணக்காளரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு சேர்ந்து, சில ஆண்டுகள் வேலை பழகினர். தொழில் கற்பிப்பதற்காகப் பெற்றோர் அவருக்கு ஒரு தொகையும் கட்டவேண்டியிருந்தது. வசதியில்லாதவர் வீட்டுப் பிள்ளைக்கு அக்கதவு திறக்கவில்லை.

நம் நாட்டில் 1949-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோன்றியது. ஒப்பந்தப் பயிற்சி முறையை அது ஏற்றுக்கொண்டது. ஆனால், பயிற்சி அளிப்பவர் மாணவரிடம் பணம் வாங்குதல் இன்று விதிக்கு மாறானது. அவரே மாணவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருதல் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள திட்டத்தின் படிகள் பின்வருமாறு. முதலாவது அடித்தளத் தேர்வு. பத்தாம் வகுப்பு முடிந்ததுமே இதற்குப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். எழுதுவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பின்னரே. கணக்கியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளாதாரம் என நான்கு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெறவேண்டும். இதற்கு நான்கு மாதப் படிப்பு. இரண்டாவது இடைநிலைத் தேர்வு. இரு தொகுதிகளாக ஆறு தாள்கள், எட்டு மாதப் படிப்பு. இவ்விரு தொகுதிகளிலும் தேறி, கணினியும் அலுவலக நடைமுறையும் பற்றிய குறுகிய வகுப்பையும் முடித்தவர், ஓர் ஆடிட்டரிடம் ஒப்பந்தம் எழுதி 2 ஆண்டுகள் பயிற்சி பெறுவர். முன்னர் இது 3 ஆண்டுகளாக இருந்தது. பயிற்சிக்குப் பின் ஆறு மாதம் படித்து இறுதித் தேர்வு எழுதலாம். இவற்றைக் கூட்டினால் 42 மாதங்கள். பட்டம் பெற்ற பிறகு வருபவர், வணிகவியலில் 55 விழுக்காடும் பிற பாடங்களில் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் அடித்தளத் தேர்வு இன்றியே சேரலாம். எனினும் இடைநிலைத் தேர்வும் பயிற்சியும் அவருக்கும் உண்டு. பயிற்சியின்றி ஒருவரும் ஆடிட்டர் ஆவதில்லை.

பயிற்சியில் கற்பது யாது என்பதற்கு நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு நெசவாளர் சங்கம் ஒரு மாதத்தில் 500 கிலோ நூல் வழங்கியதாகப் பதிவேடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணியாகத் திரும்பியது 430 கிலோ. மீதி 70 கிலோவில் பாவிலும் தாரிலும் நிற்பது எவ்வளவு? கழிவு எவ்வளவு? ஏட்டில் கூட்டல் பிசகின்றி இருக்கலாம். ஆயினும் நூல் அறைக்குள் சென்று எடைபோட்டுப் பார்த்தாலன்றி இதற்கு விடை கிடையாது. அவ்வாறே உரக் கிடங்கில் மூட்டைகளை எண்ணுவதும், ரொக்கப் புத்தகத்தை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதும், ஒவ்வொரு செலவுச் சீட்டுக்கும் உரிய ரசீது உண்டா என்று தேடுவதும் பயிற்சியாளரின் அன்றாட வேலை. எங்கே ஐயம் கொள்ளவேண்டும் என்பதை மூத்தவர் அருகிலிருந்து காட்டுகிறார். வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவற்றின் கணக்குகளும் அவ்வாறே கைப்படுகின்றன.

இத்தொழில் ஆண்களுக்கே உரியது என்று எண்ணி மகளைத் தடுப்போர் ஒரு செய்தியை அறியவேண்டும். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்று போற்றப்படும் ஆர். சிவபோகம், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று மீண்டவர். ஒரு தணிக்கையாளரிடம் பயிற்சி பெற்று, 1933-இல் தேர்ச்சியடைந்து, சென்னையில் தொழில் நடத்தினார். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைமையும் ஏற்றார்.

இனி இடர்களைக் கூறுவோம். முதலாவது, தேர்வு கடினமானது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத அடித்தளத் தேர்வை எழுதியோர் 91,900 பேர். தேறியோர் 13,749 பேர். நூற்றுக்குப் பதினைவர் என்று கொள்ளலாம். ஆகையால் 42 மாதங்கள் என்னும் கணக்கு ஒவ்வொரு தேர்விலும் முதல் முறையே தேறுவோருக்குத்தான் பொருந்தும். இரண்டாவது, விடைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதவேண்டும். தமிழ் வழியில் பயின்ற பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. மூன்றாவது, உதவித்தொகை சிறிது. வெளியூரில் தங்கிப் பயிலும் பிள்ளைக்கு வீட்டிலிருந்தும் பணம் அனுப்பவேண்டிவரும். நான்காவதே மிக முக்கியமானது. பட்டமும் பெறாமல் இறுதித் தேர்விலும் தேறாமல் நின்றுவிட்டால், பட்டம் கேட்கும் உத்தியோகங்களுக்கு விண்ணப்பிக்க இயலாது. தேறியவருக்கு இக்குறை இல்லை. பட்டயக் கணக்காளர் தகுதியை முதுநிலைப் பட்டத்துக்கு நிகராகக் கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அறிவித்தது.

எனவே நாம் கூறும் யோசனை இதுவே. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அடித்தளத் தேர்வை எழுதிப் பாருங்கள். கூடவே அஞ்சல் வழியில் வணிகவியல் பட்டப் படிப்பிலும் சேர்த்துவிடுங்கள். பயிற்சிக் காலத்தில் அதைத் தொடர நிறுவனத்தின் அனுமதி பெறவேண்டும். வகுப்பு நேரம் அலுவலக நேரத்தோடு மோதுதலாகாது. இரண்டு மூன்று முறை முயன்றும் அடித்தளத் தேர்வு கைகூடாவிட்டால், பட்டத்தை முடித்து வேறு வழி பார்ப்பதில் இழிவு ஒன்றுமில்லை. பயிற்சிக்கு இடம் தேடுகையில் பெரிய பெயரை மட்டும் பார்க்கவேண்டாம். பலவகைக் கணக்குகளையும் மாணவர் கையில் கொடுத்துப் பழக்குகிறாரா என்பதை, அவரிடம் முன்பு பயின்றவர்களைக் கேட்டறியுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு பயில விரும்பும் அங்கத்தினர் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் சங்கத்துக்கு வரவழையுங்கள். குமாஸ்தா அருகில் உட்காரவைத்து, நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஒரு தொகை எவ்வாறு செல்கிறது என்று காட்டச் செய்யுங்கள். இதற்குச் சங்கத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. இத்தொழில் தன் மனத்துக்கு ஒத்ததா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பிள்ளை அறிந்துகொள்ளும். பெற்றோரும் தெளிந்து முடிவு செய்யலாம்.