இரண்டு பழுது, ஒரே படியிலா?

மனித செல்லில் அநேகமாக ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு படிகள் உண்டு: தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. ஒரே படியில் சேர்ந்திருந்து, பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும் வேறுபாடுகளின் தொகுதியே ஹாப்லோடைப். வழக்கமான மரபணுச் சோதனை இதைக் காட்டாது. வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கிழித்து ஒரே பையில் குலுக்கினால், இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று தெரியும். எந்தத் துண்டு எதனுடையது என்று தெரியாது.

இது ஏட்டுச் சிக்கல் அன்று. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் மெர்காப்டோபியூரின் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் முக்கியமானது டி.பி.எம்.டி. அதன் மரபணுவில் இரண்டு பழுதுகள் காணப்படும்போது, இரண்டும் ஒரே படியில் இருந்தால், மற்றப் படி நொதியைத் தந்து ஓரளவு சமாளிக்கும். படிக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தால், வழக்கமான அளவு மருந்தே எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். அப்படிப் பிரிந்திருப்பது மிக அரிது. ஆனால் சோதனை முடிவு இரண்டிலும் ஒன்றுதான்.

பெற்றோரின் ரத்த மாதிரி கிடைத்தால் பெரும்பாலான இடங்களில் விடை தெரிந்துவிடும். செலவு குறைந்த வழி. ஆனாலும் பலரும் கேட்பதில்லை. பெற்றோர் இல்லாதபோதுதான் மூலக்கூற்று முறைகள் தேவை. ஒரு படியில் மட்டும் ஒட்டும் ப்ரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டை) கொண்டு, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் அந்தப் படியை மட்டும் பெருக்கலாம்.

இதைவிட விசித்திரமானது, 1990-இல் ருவானோ, கிட், ஸ்டீபன்ஸ் ஆகியோர் வெளியிட்ட நீர்த்தல் முறை. சராசரியாகக் குழாய்க்கு ஒரு மூலக்கூறுகூட வராத அளவுக்கு டி.என்.ஏ. கரைசலை நீர்க்கச் செய்து, பல குழாய்களில் பிரித்துப் பெருக்குவார்கள். பெரும்பாலான குழாய்கள் வெறுமையாக வர வேண்டும். எல்லாவற்றிலும் விளைச்சல் கண்டால் சோதனை தோல்வி. எங்கோ ஒரு குழாயில் தெரிவது அநேகமாக ஒற்றை மூலக்கூறின் வாரிசு, அதாவது ஒரே படி. கைப்பக்குவமும் வேண்டும்: பிப்பெட்டில் வேகமாக உறிஞ்சினால் நீண்ட இழை அறுந்து, சேர்ந்திருந்த வேறுபாடுகள் பிரிந்துவிடும். அதனால்தான் வாய் அகன்ற பிப்பெட் முனைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

2011-இல் சியாட்டிலில் ஒரு குஜராத்தியரின் முழு மரபணுத் தொகுதியை, சுமார் 40,000 எழுத்து நீளத் துண்டுகளாகத் தொகுதி தொகுதியாகப் பிரித்து வாசித்ததும் இதே தத்துவத்தில்தான். இன்றைய நீள்வாசிப்புக் கருவிகள் பல்லாயிரம் எழுத்துகளை ஒரே இழையில் படிப்பதால், அருகருகே உள்ள வேறுபாடுகளுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

கருவி எதுவானாலும், இரண்டு பழுது கண்ட அறிக்கையில் அவை ஒரே படியிலா, வெவ்வேறு படியிலா, அல்லது தீர்மானிக்கப்படவில்லையா என்று ஒரு வரி எழுதுவதைப் பரிசோதனைக்கூடங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.