மாட்டுச் சந்தையில் ஏறிய பாட்டு

ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 2002-ல் வந்த இந்திப் படம் 'தி லெஜண்ட் ஆஃப் பகத் சிங்'. அதில் 'பகடி சம்பால் ஜட்டா' என்று ஒரு பாட்டு உண்டு. 1965-ல் வந்த 'ஷஹீத்' படத்திலும் அதே பேரில் முகமது ரஃபி பாடியிருக்கிறார். பகத் சிங்குக்காகச் சினிமாக்காரங்க கட்டின பாட்டு போலனு கேட்கிறவங்களுக்குத் தோணும். ஆனா, பகத் சிங் பிறக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அந்தப் பாட்டு பிறந்துடுச்சு. அது நிலத்துக்கும் தண்ணீர் வரிக்கும் நடந்த சண்டையில் பிறந்த பாட்டு.

பஞ்சாப்பில் செனாப் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, புதர்க்காடாகக் கிடந்த நிலத்தைக் குடியானவர்களுக்குக் கொடுத்தது வெள்ளைக்கார அரசு. முள்ளை வெட்டி, மேடு பள்ளம் நிரவி அதை விளைநிலமாக்கியது அவங்கதான். நல்லா விளைய ஆரம்பிச்சதும் 1906-ல் ஒரு மசோதா வந்தது. வாரிசுரிமை மூத்த மகனுக்கு மட்டும்தான். வாரிசு இல்லைன்னா நிலம் சர்க்காருக்கு. தன் நிலத்து மரத்தை வெட்டவும் தடை. கூடவே பாரி தோஆப் கால்வாய்ப் பாசனத்துக்குத் தண்ணீர் வரியையும் ஏத்திட்டாங்க.

1907 மார்ச்சில் லாயல்பூரில் மாட்டுச் சந்தை கூடியது. அந்த ஊர் இப்போ பாகிஸ்தானில் உள்ள ஃபைசலாபாத். ஊர் ஊராகப் போய் ஆள் திரட்ட வேண்டாம், மாடு வாங்க விற்க எல்லாரும் அங்கேதான் வருவாங்கனு கணக்குப் போட்டவங்க கெட்டிக்காரங்க. அந்தக் கூட்டத்தில் பாங்கே தயாள் என்ற பத்திரிகை ஆசிரியர், தான் எழுதிய பாட்டைப் பாடினார்.

பகடி என்றால் தலைப்பாகை. 'தலைப்பாகையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, விவசாயி' என்பதுதான் பேரின் பொருள். நம்ம பக்கம் தோள் துண்டை உருவினா எப்படியோ, அங்கே தலைப்பாகை போனா மானமே போன மாதிரி. நிலம் போகுதுனு சொல்லியிருந்தா அது வெறும் மனுவாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் போராட்டத்துக்கே பாட்டின் பேர் நிலைச்சுப்போச்சு.

பட்டாளத்தில் இருந்த சிப்பாய்கள் பலரும் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். அரசு பயந்தது அதற்குத்தான். மே மாதம் வைஸ்ராய் மிண்டோ மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். ஆனால், லாலா லஜபதி ராயையும், பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங்கையும் விசாரணையே இல்லாமல் மாண்டலேவுக்கு நாடு கடத்தினார்கள். லஜபதி ராய்க்கு நேர்ந்ததைப் பற்றி நம்ம பாரதியாரும் கவிதை எழுதியிருக்கிறார்.

அந்த வருஷக் கடைசியில் விடுதலையான அஜித் சிங், 1909-ல் நாட்டைவிட்டு வெளியேறினார். திரும்பி வந்தது 1947-ல்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இறந்துபோனார்.

2021-ல் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள், அவருடைய பிறந்த நாளான பிப்ரவரி 23-ஐ 'பகடி சம்பால்' நாளாகக் கொண்டாடினார்கள். அந்த நவம்பரில் சட்டங்கள் வாபஸ் ஆகும்வரை அவங்க அங்கிருந்து நகரவில்லை.